வரிசைக் கழகத்தின் வால்

பெரிய மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்தில் காலை ஏழரைக்கு நானூறு பேர் முண்டியடிப்பார்கள். எட்டு மணிக்கு அதே நானூறு பேர் ஒரே வரிசையில் நிற்பார்கள். இடையில் உள்ள அரை மணி நேரம்தான் அவளுடைய வேலை. அடையாள அட்டையில் 'வரிசை மேற்பார்வையாளர்' என்று போட்டிருக்கிறது. மருத்துவர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாரும் கூப்பிடுவது 'வால்' என்று. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல வளர்ந்த பெண்ணுக்கு இந்தப் பெயரா என்று அவள் அம்மா இன்றும் சிரிக்கிறாள்.

பெயர் ஒட்டிக்கொண்டது பல்கலைக்கழகத்தில்.

முதலாண்டின் முதல் இரண்டு மாதமும் அவள் மதிய உணவை நூலகப் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அங்கே துடைப்பங்களும் ஒரு பழைய ஏணியும் மட்டுமே துணை. யாரும் வந்து எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்க மாட்டார்கள். ஒருநாள் கைகழுவப் போகும் வழியில் மாணவர் கழகங்களின் பட்டியலைப் பார்த்தாள். நூற்றுப்பத்துக் கழகங்கள். மேகங்களுக்குப் பெயர் வைக்க ஒன்று, இடது கைக்காரர்களுக்கு ஒன்று, பேய்க்கதை சொல்ல ஒன்று. பூட்டைச் சாவியில்லாமல் திறக்கப் பழகுவதற்குக்கூட ஒன்று இருந்தது. கடைசிக்கு முந்தைய வரியில் இப்படி எழுதியிருந்தது: 'வரிசைக் கழகம். புதன்கிழமை நான்கு மணி. பேச வேண்டிய அவசியமில்லை.'

அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காகவே சேர்ந்தாள்.

கழகத்தார் செய்தது இதுதான். தபால் நிலையம், திரையரங்கு, பேருந்து நிலையம் என்று எங்கே வரிசை உண்டோ அங்கே போய் நிற்பார்கள். முன்னால் நிற்பவர் 'தலை'. ஒவ்வொருவருக்கும் கவுண்டரில் எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வார். கடைசியில் நிற்பவர் 'வால்'. தலை விரல்களால் காட்டும் கணக்கை வைத்து, புதிதாக வருகிறவரிடம் அவருக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் நகர்ந்துகொள்வார். வாலுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். அவள் வாலாகிவிட்டாள்.

பேருந்து நடத்துநரான அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "வரிசையில நிக்கவா யூனிவர்சிட்டிக்கு அனுப்பினேன்? என் பஸ்ஸுல ஏறுற கூட்டத்தை வந்து பாரு. வரிசையாவது, வாலாவது" என்றார். ஆனால் அவள் படிக்கட்டுக்குக் கீழே சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். கழகத்துக்கு இரண்டாவது மாடியில் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே சோற்றைப் பிரித்தால் பகிர்ந்துகொள்ள ஆறேழு பேர் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அதில் பாதிப்பேர் படித்து முடித்துப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் நான்கு பேர். கழக நாளன்று மாலை ஐந்து மணிக்குள் இருபது மாணவர்களின் கையெழுத்தோடு படிவத்தைக் கொடுத்து முத்திரை வாங்காத கழகம் கலைக்கப்படும், அதன் அறை வேறு கழகத்துக்குப் போகும் என்று மாணவர் நல அலுவலகம் அறிவித்தது. அவள் கண்ணுக்குத் துடைப்பமும் ஏணியும் தெரிந்தன.

கழக நாளன்று திடல் முழுக்க மேசைகள். டிரம்ஸ் கழகத்தார் காது கிழிய அடித்தார்கள். பேய்க்கதைக் கழகத்தார் பட்டப்பகலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். பூட்டுக் கழகத்தார் தங்கள் படிவத்தை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, அதைத் திறக்க முடியாமல் மாறி மாறிக் குடைந்துகொண்டிருந்தார்கள். வரிசைக் கழகத்தின் வழக்கப்படி யாரையும் கூவி அழைக்கக் கூடாது. வருகிறவர் தானாக வர வேண்டும். மதியம் ஒரு மணி வரை தானாக வந்தது ஒரு நாய்தான்.

பக்கத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் கவுண்டர். அங்கே ஈ மொய்ப்பதுபோலக் கூட்டம். ஒருவன் தோளில் இன்னொருவன், நடுவில் புகைப்படக்காரரின் கை மட்டும் தெரிந்தது. நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சமையல்காரர் அடுத்த வீட்டில் பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல. கடைசியில் அவள் எழுந்து போய்விட்டாள். தலை மேசையிலேயே இருக்க, மற்ற இருவரும் அவள் பின்னாலேயே போய், கவுண்டர் பக்கம் நின்று நொடி கணக்கிட்டு விரலால் காட்டினார்கள்.

முன்னால் நிற்பவனைத் திருத்த முடியாது. அவன் கண்ணுக்குக் கவுண்டர் தெரிகிறது. கடைசியில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது, அவன்தான் காதுகொடுப்பான். இது கழகம் கற்ற பாடம். கூட்டத்தின் கடைசி ஆளின் பின்னால் போய் நின்று, அடுத்து வந்தவனிடம் அவனுக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆகும் என்றாள். அவன் அவளுக்கு முன்னால் நின்றான். அடுத்தவளுக்கு இருபத்து மூன்று. கால் மணி நேரத்தில் கூட்டத்துக்கு வால் முளைத்தது. அரை மணியில் அது முழு வரிசையாகிவிட்டது.

மூன்றாமாண்டு கணிதம் படித்த தலை காலி மேசையை விட்டுவிட்டுக் கோபமாக வந்தான்.

"நம்ம கடை காத்து வாங்குது. நீ அடுத்தவன் கடைக்கு ஆள் சேக்குறியா?"

"கையைக் கட்டிக்கிட்டுப் பாக்க முடியல, தலை."

அவன் அடுத்த வசவை யோசிப்பதற்குள், படம் எடுத்துக்கொண்ட பையன் ஒருவன் ஓடி வந்தான். இருபத்திரண்டு நிமிடம் என்று சொன்னீர்களே, அதே இருபத்திரண்டு ஆயிற்று, எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டான். அவள் கணக்கை விளக்கினாள். அவன் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

தலைக்குப் பொறி தட்டியது. வரிசையில் நிற்கும் இத்தனை பேருக்கும் இருபது நிமிடம் சும்மா கிடக்கிறது. படிவம் வாலின் கைக்குப் போனது. ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசாதவள் அன்று இருநூறு பேரிடம் பேசினாள். நான்கரைக்குப் படிவத்தில் இருபத்து மூன்று கையெழுத்து.

அலுவலகத்துக்கு ஓடினார்கள். அங்கே ஒரு வரிசை.

பல கழகங்கள் கடைசி நேரத்துக்குத்தான் வந்திருந்தன. அவர்களுக்கு முன்னால் பதினெட்டுப் பேர். தலை கடிகாரத்தைப் பார்த்தான்: ஆளுக்கு இரண்டு நிமிடம். தங்கள் முறை வருவதற்கே ஐந்து மணி ஏழு நிமிடம் ஆகிவிடும். நான்காவதாக நின்ற பேய்க்கதைச் செயலாளர் கையாட்டி, தனக்கு முன்னால் வந்து நிற்கச் சொன்னான். தலை ஒரு அடி எடுத்து வைத்தான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "குறுக்க பூந்து காப்பாத்தினா, அப்புறம் எதுக்கு நமக்குக் கழகம்?"

தலை நின்ற இடத்திலேயே நின்றான். அவள் மட்டும், அந்த ஓராண்டில் முதல்முறையாக, ஒரு வரிசையின் முன்பக்கம் போனாள். இடம் கேட்க அல்ல, பார்க்க. அலுவலக அம்மா ஒவ்வொரு படிவத்திலும் கையெழுத்துகளை விரல் வைத்து எண்ணினார். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போய், அங்கே சங்கிலியில் கட்டியிருந்த முத்திரையைக் குத்திவிட்டுத் திரும்பி வந்தார். போக, வர ஒரு நிமிடம்.

"அம்மா, ஆறு ஆறா சேத்துக் கொண்டுபோனீங்கன்னா ஒரே நடையா போயிடுமே. கையெழுத்துக்கு நம்பர் போட்டு வாங்கிக்கலாம், நீங்க எண்ண வேண்டாம்."

அந்த அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பதினோரு வருஷமா நடக்குறேன். என் முழங்காலைப் பாத்து யாருமே இதைச் சொல்லல" என்றார். "சரி, ஆறு கொண்டா."

அவள் வரிசை நெடுகப் போய் ஒவ்வொருவரையும் கையெழுத்துகளுக்கு எண் போட வைத்தாள். வரிசை ஓடத் தொடங்கியது. நான்கு நாற்பதுக்குப் பேய்க்கதைச் செயலாளர் முத்திரையோடு வெளியே வந்து சலாம் வைத்தான். நான்கு ஐம்பத்து மூன்றுக்கு வரிசைக் கழகத்தின் படிவம் உள்ளே போனது. நான்கு ஐம்பத்தைந்துக்கு முத்திரையோடு வந்தது.

தலை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைத் தேடினான். காணவில்லை. அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று கழகங்கள் நின்றிருந்தன. கடைசியில் பூட்டுக் கழகத்தார், உடைத்த டிராயரின் பலகையோடும் படிவத்தோடும். அவர்களுக்கும் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், அவர்களுக்கு மூன்று நிமிடம் ஆகும் என்று சொல்லிக்கொண்டு. மூன்றே நிமிடம்தான் ஆனது.

ஐந்து மணிக்கு அலுவலக அம்மா ஷட்டரை இறக்க வந்தார். வெளியே எட்டிப் பார்த்தார். எந்த ஆண்டும் அந்த நேரத்தில் பத்துப் பேராவது அவரைத் திட்டிக்கொண்டு நிற்பார்களாம். அன்று ஒருவர்கூட மிச்சமில்லை. ஷட்டரை மெதுவாக இறக்கினார்.

அறை நிலைத்தது. அடுத்த வாரமே அது போதாமல் போய், புதிதாகச் சேர்ந்தவர்கள் நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வரிசையாகத்தான்.

கழக நாளன்று மாலையே வீட்டில் அவள் நடந்ததை முழுவதும் சொல்லியிருந்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் அத்தனை நேரம் பேசி யாரும் கேட்டதில்லை. அப்பா குழம்பை இரண்டாவது தடவை ஊற்றிக்கொண்டார். பத்து நாள் கழித்து, வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபடியே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"இன்னைக்குக் காலையில முதல் ஸ்டாப்புல கடைசியா நின்னவர்கிட்டப் போய்ப் பேசினேன். வேலை செய்யுதும்மா."