அயர்ன் டேபிளுக்கு ஒரு கோட்டு

வேலாத்தாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் அயர்னிங் செக்‌ஷனில் பத்தொன்பது வருடமாக நின்று வேலை செய்கிறவள். பெரும்பாலும் ஆண்கள் நிற்கிற இடம் அது. குழந்தைப் பனியனின் கழுத்துப் பட்டி இழுபடாமல் தேய்க்க அவள் கைதான் வேண்டும் என்று பேக்கிங்கில் கேட்டு வாங்குவார்கள்.

அப்படிப்பட்டவள் பங்குனியில் இரண்டு தடவை மேசையோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் தடவை தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துகொண்டாள். அடுத்த தடவை கண் இருட்டியபோது பக்கத்து மேசை சனோபர் பிடிக்காவிட்டால் சூடான இஸ்திரிப் பெட்டி மேலேயே விழுந்திருப்பாள். முதலாளி மகன் சுரேந்தர், அடுத்த மாதம் பிறந்ததும் அவளை நூல் பிசிர் வெட்டும் ட்ரிம்மிங் வேலைக்கு மாற்றுவதாகச் சொன்னான். உட்கார்ந்து செய்யும் வேலை, தலைக்கு மேல் காற்றாடி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் பத்தொன்பது வருடத் தொழிலைக் கொடுத்து ஒரு கத்திரிக்கோலை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தாள். இரண்டும் சரியாக இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை அவசர ஷிப்மென்ட். மேற்பார்வைக்கு யாரும் வராததால் கம்பெனி கொடுத்திருந்த கோட்டை ஒருவரும் போடவில்லை. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நின்றாள், ஒன்றும் ஆகவில்லை. திங்களன்று கோட்டைப் போட்டாள். பதினொரு மணிக்கே ஜாக்கெட் முதுகில் ஒட்டிக்கொண்டு, தலை கிறுகிறுத்தது.

அந்தக் கோட்டு தை மாதம் வந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆய்வு வருகிறது என்று எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்த நீல பாலியஸ்டர். கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடும், கசங்காது, போட்டோவில் எடுப்பாகத் தெரியும். ஊர் உலகத்துக்கெல்லாம் பருத்திப் பனியன் அனுப்புகிற கம்பெனி, வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் இதை மாட்டிவிட்டிருந்தது. வியர்ப்பதில் தப்பில்லை, வியர்வை காய வேண்டும். காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். வெளியே நீராவி, உள்ளே காயாத வியர்வை என்றால் இருபது வயதுக்காரியும் சரிவாள்.

நேரே சுரேந்தரின் அறைக்குப் போனாள்.

"வயசாகுதுங்க்கா, ஒத்துக்கோங்க" என்றான் அவன்.

"வயசுக்கு ஞாயித்துக்கெழம லீவுங்களா தம்பி? நேத்து கோட்டு இல்லாம பத்து மணி நேரம் நின்னனுங்க. இன்னைக்கு மூணு மணி நேரம் தாங்கலீங்க."

கோட்டு பையரின் சட்டம், அதில் கை வைக்க முடியாது என்றான். அப்படியானால் அந்தச் சட்டம் இருக்கிற தாளைப் படித்துக் காட்டச் சொன்னாள். தரம் பார்க்கிற ஜாஹித் எடுத்துப் படித்தான். தலைமுடியும் சொந்த உடுப்பின் நூலும் சரக்கில் விழக்கூடாது, பையும் பொத்தானும் இருக்கக்கூடாது என்று இருந்தது. எந்தத் துணி என்று ஒரு வரிகூட இல்லை. சுரேந்தர் வாங்கித் தானே ஒரு தடவை படித்தான். கோட்டு விற்றவர், எல்லாக் கம்பெனியும் இதைத்தான் எடுக்கிறது என்று சொன்னதை அவன் சட்டம் என்று நினைத்திருந்தான்.

இன்னொரு பயமும் அவனுக்கு இருந்தது, நியாயமான பயம்: பருத்தி பஞ்சு உதிர்க்கும், கறுப்புச் சரக்கில் ஒட்டும். வேலாத்தாள் அதையும் யோசித்து வைத்திருந்தாள். பயோ வாஷ் என்கிற சலவை போட்ட பருத்தித் துணியில் மேல்பிசிர் போய்விடும்; மீந்த துண்டு குடோனில் கிடக்கிறது. ஒரே ஒரு வாரம் கேட்டாள். அவன் சரி என்றான்.

சாம்பிள் டெய்லரிடம் அளவு சொல்லித் தைத்த முதல் கோட்டு தோற்றது. கை அகலமாக இருந்ததால் நீராவி உள்ளே புகுந்து முழங்கையைச் சுட்டுவிட்டது. அடுத்ததில் கையை முழங்கைக்கு மேல் நிறுத்தினாள். நீராவி படும் முன்பக்கம் இரட்டைத் துணி, முதுகில் ஒற்றை, பக்கவாட்டில் இடுப்பு வரை திறப்பு, கட்டுவதற்கு நாடா. ஜாஹித் அதைக் கறுப்பு டீ-ஷர்ட்டில் அழுத்தித் தேய்த்து, செலோ டேப் ஒட்டி எடுத்து, டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தான். ஒரு பிசிர் இல்லை.

மூன்று நாள் அவள் அதைப் போட்டு நின்றாள். நான்காம் நாள் சனோபர் வாங்கிப் போட்டுக்கொண்டாள், அவளுக்கு முப்பது வயது. மதியம் வேலாத்தாள் திருப்பிக் கேட்டபோது கொடுக்கவில்லை.

"உங்களுக்கு வேறொண்ணு தெச்சுக்கோங்க்கா. இது என் ஒடம்புல இருந்து எறங்காது."

வேலாத்தாள் வேறொன்று தைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, தகரக் கூரை கொதிக்கும் நேரத்தில் சுரேந்தர் வந்தான். வந்ததைச் சொல்லாமல் வேலாத்தாளின் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றான். அவன் சட்டையும் கைக்குட்டையும் நனைந்துவிட்டன. அவள் கை ஓடிய வேகம் காலையில் இருந்த அதே வேகம்.

"ட்ரிம்மிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கறனுங்க்கா. நீங்க இங்கயே நில்லுங்க" என்றான். பன்னிரண்டு மேசைக்கும் பருத்திக் கோட்டு வெட்டச் சொல்லிவிட்டான். தையல் லைனுக்கு மட்டும் அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றான்.

சரிங்க என்றாள் வேலாத்தாள். ஆனால் அடுத்த சீசன் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. தையல் லைனில் நீராவி இல்லை, இரட்டைத் துணி தேவையில்லை. உட்கார்ந்து குனிகிறவர்களுக்கு முதுகுதான் முதலில் நனையும். அதற்கேற்ற அளவை அன்று சாயங்காலமே டெய்லரிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.