முந்நூறு கீபோர்டுகளை அடுக்கிய இமாஸ்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் என்னோடு ஒரே அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த இமாஸ், நாற்பத்து மூன்று வயதில் தபால் வழியில் கணினிப் படிப்பில் சேர்ந்தாள். கேட்டால், "இருபது வருஷமா இதைத் தட்டுறேன், உள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வேணாமா?" என்பாள். டக் டக்கென்று சத்தம் போடும் பழைய, கனத்த கீபோர்டுகள் என்றால் அவளுக்கு உயிர். ஞாயிறு காலையில் ஜத்தாயு பழைய சாமான் சந்தையில்தான் இருப்பாள். துணைக்கு நானும் போவேன்.

அல்காரிதங்களின் வேகத்தைக் கணக்கிடும் பாடத்தில் மட்டும் அவள் தோற்றிருந்தாள். எந்தக் கேள்விக்கும் 'முதலில் வரிசைப்படுத்து, பிறகு தேடு' என்றே எழுதிவைப்பாள்.

மறுதேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில், அந்தச் சந்தையில் மாங் எங்குஸ் என்பவரின் கடையில் முந்நூறு பழைய கீபோர்டுகள் வந்து குவிந்தன. தனக்கு ஒன்று தேடி, இமாஸ் தார்ப்பாய் விரித்து, கீபோர்டின் அடியில் ஒட்டியிருந்த வருடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். ஓய்வுபெற்ற பல் டாக்டர் கோ லியெம் எதிரே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் இதே பைத்தியம். கையில் அகப்பட்டதைத் தூக்கிப் பார்த்தார். கனமில்லையென்றால் ஓரமாகப் போட்டார். பத்தொன்பதாவதே அவர் தேடிய கனத்த, அசல் ஸ்பிரிங் கீபோர்டு.

"ஒண்ணே ஒண்ணு தேட ஊரையே வரிசையில நிக்க வைக்கணுமா, தெத்தே?" என்றார். அங்கே தெத்தே என்றால் அக்கா, கோ என்றால் அண்ணன்.

இமாஸின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விடாமல் அடுக்கி முடித்தாள்.

அதற்குள் தன் கீபோர்டைத் துடைத்துப் பார்த்த கோ லியெம், ஸ்பேஸ் பார் உடைந்திருப்பதைக் கண்டார். "இதே வருஷத்துது கிடைச்சா கழட்டி மாட்டலாம்."

"எந்த வருஷம், கோ?"

"எண்பத்தொம்பது."

நேராக அந்த வரிசைக்குப் போனாள். இரண்டு இருந்தன. ஒன்றின் ஸ்பேஸ் பார் அவருடையதில் பொருந்தியது; நல்ல நிலையில் இருந்த இன்னொன்றை அவளே எடுத்துக்கொண்டாள். பிறகு உடைந்த பாகம் தேடி நாலைந்து பேர் வந்தார்கள். வருடத்தைச் சொல்லச் சொல்ல எடுத்துக் கொடுத்தாள். திடீரென்று நின்றாள்.

"ஒரு தடவை தேடுறதுக்கு நீங்க பண்ணதுதான் சரி, கோ. திரும்பத் திரும்பத் தேடணும்னா நான் பண்ணது சரி. இதைத்தான் அந்தப் பாழாப்போன புஸ்தகம் நாலு பக்கத்துக்கு இழுக்குது."

"அப்ப ரெண்டு பேரும் பாஸா?"

"நீங்க ஃபீஸே கட்டலையே."

மாங் எங்குஸ் மெல்ல இழுத்தார். "தெத்தே, அடுத்த வாரம் மவுஸ் ரெண்டு மூட்டை வருது…"

மறுதேர்வில் இமாஸ் நல்ல மதிப்பெண் வாங்கினாள். எண்பத்தொன்பதாம் வருடத்துக் கீபோர்டை அலுவலகத்துக்கே கொண்டுவந்து மாட்டினாள். முதல் நாள் அவள் தட்டத் தொடங்கியதும், எங்கள் மேலாளர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார், வெளியே மழை வலுத்துவிட்டதென்று நினைத்து.