தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி போட்ட மாமா

நிலவுக்குப் போனவர்கள் என் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராக்கெட் செலவே மிச்சமாகியிருக்கும். ஏணி போட்டுக் கொடுத்து, அவர்கள் இறங்கி வரும்வரை அடியில் பிடித்துக்கொண்டும் நின்றிருப்பார். நடுவில் டீ குடிக்கக்கூட நகர்ந்திருக்க மாட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பழைய கட்டடங்களைச் சோதிக்க வரும் அதிகாரிகள் கையில் சுத்தியலும் டார்ச்சும்தான் இருக்கும். மேலே ஏற வழி செய்து தருவது கட்டடத்துக்காரர்கள் பொறுப்பு. அவர்கள் மாமாவைக் கூப்பிடுவார்கள். ஏணியின் காலுக்கு ரப்பர், தலைக்குக் கயிறு, ஏறுகிறவர் இடுப்புக்கு பெல்ட். முதலில் தான் ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்தவரை விடுவார். கல்யாணத்தன்றே நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மனுஷன் உட்கார்ந்தார் என்று அத்தை இருந்தவரை சொல்லிச் சிரிப்பாள்.

நாங்களும் மாமாவும் ஒரே கட்டடம். மாடியில் நாங்கள், கீழே அவர். மொட்டை மாடிக்கும் மேலே, படிக்கட்டு அறையின் தலைமேல் தண்ணீர்த் தொட்டி. அங்கே போகப் படி கிடையாது. போன மாதம் எங்கள் கட்டடத்துக்கே சோதனை வந்தது. விரிசல் விட்ட தொட்டியைப் பார்த்துவிட்டால் எல்லாரையும் காலி செய்யச் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஏணி இல்லையென்றால், பார்க்க வழியில்லை என்று எழுதிவிட்டு அதிகாரி போய்விடுவார் என்பதும் தெரியும். எனவே கட்டடமே கூடிப் பேசி அம்மாவை மாமாவிடம் தூது அனுப்பியது.

“உடம்பு சரியில்லைன்னு படுத்துக்கோடா. வேற ஒண்ணும் கேக்கல.”

மாமா கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “அவ வாழ்ந்த வீடு இது. விட்டுப் போக எனக்கு மட்டும் மனசு வருமாக்கா? ஆனா மேல ஏறிப் பாத்துட்டேன். கை வச்சா உதிருது. அதுக்கு அடியிலதான் உன் புள்ளைங்க தூங்குது.”

“நீ பாத்தத வேற யாரும் பாக்கலல்ல” என்றாள் அம்மா. அதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் மாமா ஏணியோடு நின்றார். அதிகாரி மேலே தட்டினார். பெயர்ந்த காரைத் துண்டு ஒன்று மாமாவின் தோளில் விழுந்தது. பிடியை விடவில்லை. இறங்கி வந்த அதிகாரி எங்களைப் பார்க்காமல், சீக்கிரம் காலி செய்யுங்கள் என்றார்.

அதன் பிறகு யாரும் மாமாவிடம் பேசவில்லை. ஆனால் பால்கனி வழியாக பீரோ இறக்க மட்டும் அவருடைய கயிறு எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அம்மா அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மூலையில் இடிக்காமல் இறக்கச் சொல்லு என்று என்னிடம் சொல்வாள். தம்பி பத்திரமாக இருக்க வேண்டும் என்று அக்கா கண்ணீரோடு கேட்டுக்கொள்வதாக நான் மொழிபெயர்ப்பேன். அம்மா முறைப்பாள். மாமா சிரிக்க மாட்டார். பீரோவும் எங்கும் இடிக்காது.

கடைசியாகக் காலி செய்தவர் அவர்தான். நாங்கள் குடிபோன வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு போனேன். அத்தை உயரத்துக்காகச் சமையலறையில் தாழ்வாக அடித்த பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆணி துருவேறி வர மறுத்தது. அதை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஆட்டிப் பார்க்க நாற்காலிகூட இல்லை என்று கேலி செய்ய வாயைத் திறந்தேன். அதற்குப் பதில் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

“அம்மா குடுத்து விட்டாங்க” என்றேன்.

ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றார். இன்னொரு வாய். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்கம்மா பேச்ச நிறுத்துவா, மருமகளே. உப்பு போடுறத நிறுத்த மாட்டா. நீதான ஆக்கின?”