கரூப் பாறையில் ஓர் ஆடு

கிண்ணியாவில் விலங்கியல் படிப்பிக்கப் போனபோது எனக்கு வயது இருபத்துநான்கு. பண்பு மட்டும் அறுபது வயதுக்காரனுக்குரியது. சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸிலும் பிறகு படகிலும் அதைத் தினமும் பத்திரமாகச் சுமந்துகொண்டு போனேன்.

அன்றைய பாடம் தென்னாபிரிக்காவின் கரூ பாறைத்தொகுதி. அதில் புதைந்து கிடந்த லிஸ்ட்ரோசோரஸ் என்ற பழைய தரைவிலங்கின் எலும்புகள் இந்தியாவிலும் கிடைத்திருக்கின்றன. கடலை நீந்திக் கடக்கிற பிராணி அல்ல அது. ஆகவே நிலங்கள் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன. பள்ளிக்கூடத்துக்கே இருந்த ஒரே புத்தகத்தில் படம் கிடையாது. ஒரு வரிதான் இருந்தது: பன்றியளவு உடல், இரண்டு தந்தங்கள்.

வகுப்பு முழுவதும் முஸ்லிம் பிள்ளைகள். அவர்கள் முன்னால் அந்தச் சொல்லை நான் உச்சரிப்பதா? "ஆட்டளவு" என்றேன்.

பொய்க்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கால் குட்டை என்றேன். மயிர் இல்லை, கொழுத்த உடம்பு, சேற்றில் புரளும் என்றேன். இப்படியோர் ஆட்டை உலகம் கண்டதில்லை. பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கல்வி அதிகாரி வந்தார். அவர் வகுப்பைப் பார்த்து நல்லதாக எழுதினால்தான் என் நியமனம் நிரந்தரமாகும்.

"இந்த மிருகம் எவ்வளவு பெரிசு?" என்று பிள்ளைகளைக் கேட்டார்.

"ஆட்டளவு சேர்" என்றது வகுப்பு ஒரே குரலில்.

அவர் மேசையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். "இதில பன்றி எண்டெல்லோ கிடக்கு?" என்று என்னைப் பார்த்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். "அது எங்களுக்கும் தெரியும் சேர். அந்தப் புத்தகத்தை நாங்களும் பாத்தனாங்க. வாப்பா மரவள்ளித் தோட்டத்தில காவல் கிடக்கிறதே பண்டி வந்து கிழங்கைக் கிண்டும் எண்டுதானே. எங்கட சேருக்குத்தான் அந்தச் சொல்லைச் சொல்ல ஏலாது. பாவம் எண்டு நாங்களும் ஆடு எண்டு சொல்லுறனாங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் நல்ல புரிந்துணர்வு உண்டு என்று அறிக்கையில் எழுதினார். நியமனம் நிரந்தரமானது. எனக்கோ வெட்கம் தாங்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் மனம் நோகாமல் நான் பார்த்துக்கொள்வதாக ஒரு மாதமாக நினைத்திருந்தேன். அவர்கள்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.