எதைச் செய்யக் கூடாது?

பாலவாக்கத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் சானிட்டரி நாப்கின் கேட்டால் இன்றும் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார்கள். அமெரிக்காவில் பதினாறு வருடம் அதைப் பாலோடும் ரொட்டியோடும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தவள் நான். பிறந்த ஊருக்குத் திரும்பிய எட்டே மாதத்தில் பையை ஒளித்துப் பிடிக்கப் பழகிவிட்டேன்.

மகள் மீராவுக்குப் பதின்மூன்று வயது. கோபாலபுரத்தில் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பாலியல் கல்வியை முழுதாகக் கொடுப்பதா, கல்யாணம்வரை கட்டுப்பாடாக இருங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வதா என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். பக்கத்திலிருந்த ஓர் அம்மா என்னிடம், “உங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்” என்றார். எங்கள் அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளியும் காத்திரு என்பதற்கு மேல் எதுவும் சொல்லித்தரவில்லை என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். முழுப் பாடம் வேண்டுமென்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கவில்லை. அங்கேயும் பள்ளி அனுப்பிய ஒப்புதல் படிவத்தில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டவள்தான். இரண்டு ஊரிலும் கோழை.

இத்தனைக்கும் சொல்லித்தராவிட்டால் என்ன ஆகுமென்று எனக்குத் தெரியும். பதினைந்து வயதில், மயிலாப்பூர் பஸ்ஸில், பாட்டு வகுப்புப் பையன் ஒருவனும் நானும் இரண்டு நிறுத்தம்வரை கைகோத்திருந்தோம். கர்ப்பமாகிவிட்டேன் என்று ஒரு மாதம் பயந்து செத்தேன். டீச்சர் இனப்பெருக்கப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். வீட்டில் யாரிடம் கேட்பது? அந்த மாதத்துத் தனிமையை அயல்நாட்டில்கூட நான் பட்டதில்லை.

போன வாரம் மீராவுக்கு அந்த வகுப்பு நடந்தது. ஆட்டோவில் வீடு திரும்பும்போது, தட்டுத்தடுமாறும் தன் தமிழில் சொன்னாள்:

“பண்ணாதே, பண்ணாதேன்னு மிஸ் சொன்னாங்க. எதைப் பண்ணக் கூடாதுன்னு சொல்லவே இல்லம்மா.”

அமெரிக்கக் கடைகளில் பிறருக்குப் புரியக் கூடாதென்றால் தமிழுக்குத் தாவுவோம்; அங்கே இருக்கும் தமிழர்களுக்குத் தெரியாததல்ல. இங்கே ஆட்டோக்காரருக்குப் புரியக் கூடாதென்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். முதலில் நா குழறியது. பிறகு உடம்பு, ஆசை, குழந்தை, எச்சரிக்கை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வந்தது. அடையாறு தாண்டியதும் ஆட்டோக்காரர் திரும்பாமலே பேசினார்.

“தமிழ்லயே சொல்லும்மா. எனக்கும் இந்த வயசுல பொண்ணு கீது. அம்மா இல்லாத பொண்ணு. கேட்டுக்கினு போய் சொல்லுவேன்.”

மீரா என் முகத்தையே பார்த்தாள். இதற்கெல்லாம் தாய்மொழியில் எனக்குத் தெரிந்தவை தெருவில் காதில் விழுந்த வசவுகள் மட்டுமே. திருவான்மியூர் தாண்டியும் முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.