தங்கைக்கு வந்த லேசான கொரோனா

டெல்டா பரவிய நாள்களில் கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் பன்னிரண்டு நாள் ஒட்சிசனில் கிடந்தேன். அடுத்த ஆண்டு ஒமிக்ரோன் வந்தபோது தங்கைக்கும் தொற்றியது. அவளோ மூன்று நாள் தடிமன், மூக்கொழுகலோடு எழும்பி, நாலாம் நாள் உருத்திரபுரத்து வயலில் புல்லுப் பிடுங்கினாள். நான் அப்போதும் கிணற்றடிக்கு நடந்தாலே மூச்சு வாங்கினேன்.

"அவள் சின்னனிலையிருந்தே உரமானவள்," என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னா. எனக்கு வயிறு எரிந்தது.

கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். "எனக்கும் தங்கச்சிக்கும் வந்தது ஒரே கொரோனா வருத்தம்தானே, எனக்கு மட்டும் ஏன் இப்பிடி?"

"அந்த வைரஸ் மாறியிட்டுது, அக்கா. வெளியிலை நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளு மட்டுமில்லை, மற்றப் பகுதிகளும் மாறியிருக்கு. வருத்தம் லேசாகிறதுக்கு அதுகளும் ஒரு காரணம். தங்கச்சி ஊசியும் போட்டிருந்தவா."

ஊசிக் கதையை விட்டுவிட்டு, மிச்சத்தை வீட்டில் வெற்றியோடு சொன்னேன். "உரமும் இல்லை, ஒண்டும் இல்லை. இவளுக்கு வந்தது மெலிஞ்ச வைரஸ்."

தங்கையின் முகம் வெளிறியது. "உனக்கு வந்தது எனக்கு வந்திருந்தா நான் தப்பியிருக்க மாட்டன், என்ன அக்கா?"

'ஓம்' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கு மாற்றுடுப்போடு ஆசுப்பத்திரி வாசலில் நின்றவள் அவள்தான்.

"நீ தப்பியிருப்பாய்," என்றேன்.

அவள் சிரித்தாள்; எனக்கு வாங்குகிற மூச்சு அவளுக்கு வாங்கவில்லை. அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.