ஏரிக்கரைச் சுவரின் அந்தப் பக்கம்

ஏரிக்கரைச் சுவரின் அந்தப் பக்கத்தைப் பெருக்கி வைத்தது யார்? இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்னும் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளும் சொல்ல மறுக்கிறார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பட்டாபிராமில் இருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. டிக்கெட் வாங்க வேண்டிய இடம் எதற்கும் நாங்கள் போனதில்லை. ஆனால் எங்கள் தெருவில் வேறு எந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கு இருந்ததுபோல் ஒரு 'புரோகிராம்' இருந்ததில்லை. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதுவார்: மூன்றே முக்காலுக்குக் கிளம்புதல், நாலரைக்கு உட்காருதல், ஐந்துக்கு மோர், ஐந்தரைக்கு நுங்கு, ஆறரைக்குப் புளிசாதம். மே மாதத்தில் குடும்பத்தோடு வெளியே போகிறவன் இடத்தைத் தேடக்கூடாது, நிழலைத் தேட வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்காக முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வருவார். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடம் பெங்களூரிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவின் தங்கை. கூடவே என்னைவிட ஒரு வயது பெரியவளான அவர் மகள். குளிர்ந்த ஊரில் வளர்ந்தவள். வந்த அன்றே கழுத்தெல்லாம் வேர்க்குரு. நெடுஞ்சாலையில் இருக்கும் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று இரண்டு நாளாக நச்சரித்தாள்.

"எல்லாருக்கும் நானே டிக்கெட் எடுத்துடறேண்ணா," என்றார் அத்தை.

அப்பாவின் முகம் மாறியது. "ஊட்டுக்கு வந்த பொண்ணு கையில டிக்கெட் வாங்கினு போறதுக்கா நான் கீறேன்? நாளைக்கு சாயந்திரம் என் புரோகிராமைப் பாரு. புள்ளைக்குப் புடிக்கலன்னா நாளனிக்கு நீ சொல்ற எடத்துக்கே போலாம். நீயே டிக்கெட் எடு."

அன்று மாலை அத்தை மகளிடம் நான் என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவைத்தேன். "எங்கப்பா சொன்ன எடத்துல, சொன்ன டைமுக்கு நெயல் வரும்."

அப்பா தேர்ந்தெடுத்திருந்தது ஏரிக்கரையில் இரண்டாள் உயரத்துக்கு நின்ற நீளமான பழைய செங்கல் சுவரை. காணும் பொங்கலன்று நாங்கள் அங்கே போயிருந்தோம். சுவருக்கு வடக்கே, ஏரியைப் பார்த்த பக்கத்தில், பாய் விரிக்கிற அளவுக்கு நிழல் விழுந்திருந்தது. செங்கல் துண்டால் சுவரில் ஒரு கோடு போட்டு '4.30' என்று எழுதி வைத்திருந்தார் அப்பா. இந்த முறை மறுபடியும் போய்ப் பார்க்கவில்லை. ஓவர்டைம்.

"மே மாசம் ஆச்சே, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்களேன்," என்று அம்மா ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது.

"நாலரைன்னா நாலரைதான். சூரியன் இன்னா, ஷிப்ட்டா மாறும்?"

மறுநாள் ஷேர் ஆட்டோவில் இறங்கி, கரையேறி, சரியாக நாலரைக்குச் சுவரை அடைந்தோம். செங்கல் எழுத்து இன்னும் அழியவில்லை. அதன்மேல் வெயில் பளீரென்று அடித்தது. பாய் விரிக்க வேண்டிய இடத்தில் மண் தகித்தது.

அப்பா கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாண்ணா, உன் நெயலு லீவு போட்டுச்சா?" என்றார் அத்தை குடைக்குள்ளிருந்து.

"இரு, இரு. அஞ்சு நிமிஷத்துல வந்துடும்."

நின்றோம். ஐந்து நிமிடம் பத்து நிமிடமானது. அத்தை மகள் கூடைமேல் உட்கார்ந்து, "தலை வலிக்குதும்மா," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு அங்க போலாம்ல?" என்று தன் அம்மாவைக் கேட்டாள். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். மோர்த் தூக்கின் ஈரத்துணியைச் சரிசெய்தபடி, "பாப்பா, அந்தப் பக்கம் போயி ரெண்டு கல்லு எடுத்துனு வா. பாய் காத்துல பறக்கும்," என்றார்.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை. அதெல்லாம் ஒன்பது வயதில் தோன்றுமா? ஓடினேன்.

சுவரின் அந்தப் பக்கம், அது நீண்ட வரைக்கும் நிழல் கிடந்தது. அடர்த்தியான, குளிர்ந்த நிழல். தரை சுத்தமாக இருந்தது. துடைப்பத்தின் கீற்றுகள்கூட மண்ணில் தெரிந்தன. வேலிக்காத்தான் முள்ளெல்லாம் ஓரமாக ஒதுக்கியிருந்தது. சுவரோரம் நான்கு செங்கற்கள், பாயின் நான்கு மூலைக்கு வைத்ததுபோல.

"அப்பா, நெயலு இங்க கீது!"

முதலில் வந்தவர் அப்பாதான். நிழலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டென்று திரும்பி அத்தையிடம், "பாத்தியா? இவ எம் பொண்ணு. இவளுக்கு நெயல் மேஸ்திரின்னு பேரு வெச்சுக்கீறேன்," என்றார். அந்தப் பெயரை அந்த நிமிடம்தான் வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் புரோகிராம்படி நடந்தது. மோர் இன்னும் ஜில்லென்றிருந்தது. நுங்கைக் கட்டைவிரலால் குத்திச் சாப்பிட அத்தை மகளுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். முகத்தில் பீச்சிக்கொண்டு சிரித்தாள். அத்தை புடவைத் தலைப்பை விரித்து அங்கேயே ஒரு தூக்கம் போட்டார். இருட்டும்போது தூரத்தில் மின்சார ரயில்கள் வெளிச்சப் பெட்டிகளாகப் போவதை எண்ணினோம். மறுநாள் காலையில் தண்ணீர்ப் பூங்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. "இன்னிக்கும் அந்த சுவத்துக்குப் போலாமா மாமா?" என்று அவள்தான் கேட்டாள். அப்பா பல் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பள்ளி திறந்ததும் வகுப்பு முழுக்க என் பட்டப்பெயரை நானே பரப்பினேன்.

நான் யோசிக்காமல் விட்ட விஷயங்கள் சில உண்டு. ஏரிக்கரைக்குப் போனதற்கு முந்தின நாள் மாலை அம்மா ரேஷன் கடைக்கென்று போய் வெறும் பையோடு திரும்பினார். கணுக்காலில் முள் கீறியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டது நான்தான். வருடா வருடம் மொட்டை மாடியில் வற்றல் காயவைக்கிறவர் அவர். சித்திரை பாதிக்குமேல் கைப்பிடிச் சுவரின் நிழல் பக்கம் மாறுவதைப் பார்த்து வற்றல் பரப்பிய வேட்டியை வெயிலுக்கு நகர்த்திப் போடுகிறவர். மதியமெல்லாம் எஸ்டேட்டுக்குள் நிற்கும் அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? நாத்தனார் முன்னால் கணவரைத் திருத்தக்கூடாது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை.

போன மாதம் நேராகவே கேட்டேன். "ஏரிக்கரையை நான் எதுக்குடி பெருக்கப் போறேன்? மாடு மேய்க்கிறவங்க யாராவது பெருக்கியிருப்பாங்க," என்றார். மாடு மேய்க்கிறவர்கள் துடைப்பத்தோடு வருவார்களா என்று கேட்டதற்கு, குழம்பு தீய்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது நான் அம்பத்தூரில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். மகனுக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் குடும்பத்தோடு வருகிறார். பக்கத்துப் பூங்காவுக்குப் போவதற்கு என் கணவர் போனில் நேரவாரியாகத் திட்டம் போட்டு, எல்லோருக்கும் அனுப்பியும்விட்டார். இடத்தை அவர் பார்த்து வந்தது ஜனவரியில். நேற்று நாலரை மணிக்கு நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன பெஞ்சில் கை வைக்க முடியவில்லை. நிழல் தள்ளி, சருகு குவிந்த வேறொரு மூலையில் கிடந்தது.

படித்தவள் நான். நேராகச் சொல்லிவிடுவதுதான் சரி. சொன்னால் கேட்டுக்கொள்வார், நல்ல மனிதர். ஆனால் "நிழல் இங்கே இருக்கு" என்று கத்திக்கொண்டு ஓடிவரும் என் மகனின் முகமும் கண்ணில் நிற்கிறது. அந்த முகத்துக்காக ஒரு பத்து நிமிடம் எல்லோரையும் வெயிலில் நிறுத்தலாமா? அது ஏமாற்றுவதாகுமா?

அனுபவமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். துடைப்பத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கதவோரம் வைத்திருக்கிறேன்.